தெளிந்து வந்த தண்ணீர்

தொட்டி அவனிடம் வந்தபோது தண்ணீர் தெளிவாக இருந்தது.

உள்ளே கையை விடப்போன கெல்லிர் அப்படியே நிறுத்திக்கொண்டான். மூன்று கோடைக்காலமாக இந்த வீட்டின் பலகை வரிசையில் ஏழாவது ஆளாக உட்கார்ந்து முகம் கழுவுகிறவன் அவன். ஏழாவது ஆளுக்கு வருகிற தண்ணீர் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? அடிமைப்பெண் நேஷ்கா காலையில் இத்தில் ஆற்றிலிருந்து மொண்டு தூக்கிவரும் அந்த மரத்தொட்டி முதலில் தலைவன் ஹால்வரிடம் போகும். அவன் முகம் கழுவி, தலைமுடியை நனைத்து அதிலேயே சீவி, மூக்கைச் சிந்தி, காறித் துப்பி முடித்ததும் அதே தண்ணீரை அவள் அடுத்தவனிடம் கொண்டுபோவாள். அவனும் அதையே செய்வான். இப்படி ஒன்பது பேர். நடுவில் தண்ணீரை மாற்றுகிற வழக்கம் கிடையாது. கெல்லிரிடம் வரும்போது அது கொழுப்பு மிதக்கும் கஞ்சி மாதிரி, முடியும் சளியும் நேற்றுக் குடித்த கள்ளின் புளித்த வாடையுமாக, பல பேர் கை பட்ட வெதுவெதுப்போடு இருக்கும். அந்த நாற்றம் பழகிப்போய், அதுதான் வீட்டு வாசனை என்று ஆகிவிட்டிருந்தது.

இன்றைக்குத் தொட்டியின் அடிமரம் தெரிந்தது. மரத்தின் ரேகை தெரிந்தது. உளி பட்ட தழும்பு ஒன்று தெரிந்தது. இத்தனை நாளில் அந்தத் தழும்பை அவன் பார்த்ததே இல்லை. வாடை எதுவும் இல்லை. மழைத்தண்ணீருக்குக்கூட ஒரு வாடை உண்டு, இதற்கு அதுவும் இல்லை.

அவன் நிமிர்ந்து நேஷ்காவைப் பார்த்தான். தொட்டியின் காதைப் பிடித்திருந்த அவள் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அவள் இவனைப் பார்க்கவில்லை. கடைக்கண்ணால் இவனுக்கு இடப்பக்கம், ஆறாவது இடத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது ஆள் கெல்லிரின் அண்ணன் வேமுந்து. நேற்றுத்தான் நோய்க்கூடாரத்திலிருந்து திரும்பி வந்தவன். புறங்கையால் தாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தாடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"டேய், தொட்டியக் கும்புடுறியா, கழுவுறியா? எனக்கும் மூஞ்சி இருக்குடா" என்றான் எட்டாவது ஆளான தோக்கி.

எல்லாரும் சிரித்தார்கள். கெல்லிர் விரல் நுனியை மட்டும் நனைத்து நெற்றியில் தடவிக்கொண்டு தொட்டியைத் தள்ளிவிட்டான். சிரிப்பு அடங்கியபிறகு, கொஞ்சம் பிந்தி, வேமுந்தும் சிரித்தான்.

*

ஏழு நாளைக்கு முன்னால் வேமுந்துக்குக் காய்ச்சல் வந்தது. வடக்கிலிருந்து படகில் வியாபாரத்துக்கு வருகிற இந்த ரூஸ் கூட்டத்தில் காய்ச்சல்காரனை வீட்டில் வைத்துக்கொள்ளமாட்டார்கள். அம்பு எய்தால் போய் விழுகிற தூரத்தில், அலரி மரங்களுக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்து, உள்ளே ஒரு ரொட்டியும் ஒரு குடம் தண்ணீரும் வைத்து, அவனை விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். யாரும் கிட்டே போகக்கூடாது, பேசக்கூடாது. எழுந்து நடந்து வந்தால் அவன் இடம் அவனுக்கு. வராவிட்டால் ஆறாம் நாள் காலை தலைவன் தூரத்தில் நின்று மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவான். பதில் இல்லையென்றால் கூடாரத்தோடு சேர்த்து எரித்துவிடுவார்கள். அடிமையாக இருந்தால் இந்தக் கூடாரமும் கிடையாது, நெருப்பும் கிடையாது. நாயும் காக்கையும் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கூடாரத்துக்குக் கிட்டே போனவனும், உள்ளே எட்டிப் பார்த்தவனும் நோயாளியோடு சேர்ந்தவன். அவனையும் வெளியே தள்ளிவிடுவார்கள். ஆறு நாள் ஆகும் முன்பே படகுகள் ஊர் திரும்பினால், எழுந்து வராதவன் கரையிலேயே கிடக்க வேண்டியதுதான். போன வருஷம் இரண்டு பேரை அப்படி விட்டுவிட்டுப் போனார்கள். இந்த வருஷம் வந்து இறங்கியபோது அலரி மரத்தடியில் இரண்டு இடுப்புவார்க் கொக்கிகள் கிடந்தன. ஹால்வர் அவற்றை எடுத்துத் துடைத்து இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

இதெல்லாம் தெரிந்துதான் மூன்றாம் நாள் மத்தியானம் கெல்லிர் கூடாரத்துக்குப் போனான்.

எல்லாரும் ஆற்றங்கரையில் முகம் செதுக்கி நட்டிருந்த மரத்தூண்களுக்குப் படையல் வைக்கப் போயிருந்தார்கள். பெரிய தூணின் காலடியில் ரொட்டியும் இறைச்சியும் பாலும் வெங்காயமும் வைத்து, கையில் நிறைய வெள்ளிக்காசும் பேரம் பேசத் தெரியாத வாயும் உள்ள ஒரு வியாபாரியை அனுப்பு சாமி என்று ஹால்வர் மண்டியிட்டு வேண்டிக்கொண்டிருந்தான். வேண்டுதல் நீளும் என்று கெல்லிருக்குத் தெரியும். படையலிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து மேலங்கிக்குள் ஒளித்துக்கொண்டு பின்னாலேயே நழுவினான். அண்ணனுக்குப் பச்சை வெங்காயம் பிடிக்கும்.

கூடாரத்தின் வாய்த்துணி காற்றில் விலகியிருந்தது. இரண்டு எட்டுத் தள்ளி நின்று பார்த்தான். ரொட்டி வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. குடம் சாய்ந்து கிடந்தது. வேமுந்து மல்லாந்து கிடந்தான். வாய் பிளந்திருந்தது. கண் திறந்திருந்தது. இடது கண்ணின் மேல் ஒரு ஈ நடந்தது. கருவிழியின் நடுவில் நின்று கால்களைத் தேய்த்துக்கொண்டது. இமை அசையவில்லை.

"அண்ணே" என்றான் கெல்லிர், மூச்சுக்காற்றில்.

அவன் எத்தனையோ செத்தவர்களைப் பார்த்தவன், இரண்டு பேரை அவன் கையாலேயே சாகடித்தவன். அவனுக்குத் தெரியாததா? ஒன்று மட்டும்தான் இடித்தது. அந்த வெயிலில் செத்த உடம்பின் வாடை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதை நின்று யோசிக்க அவனுக்குத் தெம்பில்லை. கையிலிருந்த வெங்காயம் நழுவி வாசலில் விழுந்தது. திரும்பி ஓடினான்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் எரித்திருப்பார்கள். எரிந்தவன் ஒரே மூச்சில் செத்தவர்கள் வாழும் பச்சைத் தோட்டத்துக்குப் போய்ச் சேருவான் என்பதுதான் அவர்கள் நம்பிக்கை. ஆனால் சொன்னால், நீ ஏன் போனாய் என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு அவனையும் வெளியே தள்ளுவார்கள். கெல்லிர் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஆறாம் நாள் எப்படியும் தலைவன் கூப்பிடுவான், அண்ணன் பேசமாட்டான், எரிப்பார்கள். மூன்று நாள்தானே. செத்தவனுக்கு மூன்று நாள் முன்னே பின்னே ஆனால் என்ன?

ஆறாம் நாள் விடிந்தது. ஹால்வர் கூப்பிடப் புறப்பட்டுக்கொண்டிருக்கும்போதே வேமுந்து அலரி மரங்களுக்கு நடுவிலிருந்து நடந்து வந்தான்.

தோல் மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் பழக்கத்தில் வாளை உருவினார்கள், அப்புறம் அடையாளம் கண்டு முதுகில் தட்டினார்கள். சொந்தக் காலில் வந்துவிட்டான், அவன் இடத்தை அவனுக்கு விடுங்கள் என்றான் ஹால்வர். கெல்லிரும் போய்க் கட்டிப்பிடித்தான், பிடிக்காமல் முடியுமா? ஆற்றடியில் கிடந்த கல்லைத் தழுவியது போல இருந்தது. தான்தான் தப்பாகப் பார்த்துவிட்டோம், காய்ச்சல் மயக்கத்தில் கிடந்தவனைச் செத்தவன் என்று நினைத்துவிட்டோம் என்று அன்று பூராவும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லச் சொல்ல அது கிட்டத்தட்ட உண்மையாகவே ஆகிவிட்டது.

மறுநாள் காலைதான் தொட்டித் தண்ணீர் தெளிந்து வந்தது.

*

அன்று வெயில் ஏறியதும் பாக்தாத் எழுத்துக்காரர் வந்தார். நுஃமான் என்று பெயர். கலீபாவின் ஆட்களோடு, இந்தக் கரையை ஆளும் பல்கார் ராஜாவைப் பார்க்க வந்தவர், இங்கே கரையில் இறங்கியிருக்கும் ரூஸ்காரர்கள் என்ன தின்கிறார்கள், எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று மொழிபெயர்ப்பவன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு தினமும் கேட்டு எழுதிக்கொண்டு போவார். தொட்டி சுற்றி வருவதை முதல் நாள் பார்த்தபோது சட்டைக்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டவர். அதிலிருந்து தோக்கிக்கு அவரைச் சீண்டுவதுதான் பொழுதுபோக்கு.

செத்தவர்களை ஏன் எரிக்கிறீர்கள் என்று அவர் கேட்டாராம்.

"உங்காளுங்க வெவரம் இல்லாதவங்கன்னு சொல்லுய்யா அவருகிட்ட" என்றான் தோக்கி மொழிபெயர்ப்பவனிடம். "உசுருக்கு உசுரானவனக் கொண்டுபோயி குழி தோண்டி மூடிட்டு வர்றீங்க. புழு தின்னுட்டுப் போவுது. நாங்க பாரு, ஒரே நெருப்பு. இவரு ஒரு வரி எழுதி முடிக்கிறதுக்குள்ள அவன் தோட்டத்துல நின்னு கள்ளு குடிப்பான்."

எழுத்துக்காரர் அதற்கும் சிரித்துக்கொண்டே எழுதினார். பிறகு நாணல் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இன்னொன்று கேட்டார். எரிக்காமல் விட்டுவிட்டால்?

தோக்கி ஹால்வரைப் பார்த்தான். ஹால்வர்தான் சொன்னான், எங்கள் ஆட்களில் அப்படி ஒருத்தனும் விடமாட்டான் என்று. சொன்ன குரலில் விளையாட்டு இல்லை. ஆற்றங்கரைத் தூண்களின் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

எழுத்துக்காரர் வேமுந்தைப் பார்த்தார். கூடாரத்தில் தனியாகக் கிடந்தாயே, ஒருவர்கூட வந்து பார்க்கவில்லையா என்று கேட்கச் சொன்னார்.

வேமுந்து தலையை மெதுவாகத் திருப்பி, எண்ணெய் போடாத கதவு திரும்புவது போலத் திருப்பி, கெல்லிரைப் பார்த்தான். வீட்டில் இருந்த அத்தனை பேரும் கெல்லிரைப் பார்த்தார்கள். சொல்வதற்கு அது ஒரு வாய்ப்பு.

"யாரும் போகல" என்றான் கெல்லிர்.

எழுத்துக்காரர் எழுதிக்கொண்டார். வேமுந்தின் கண் அதற்குப் பிறகும் கெல்லிரின் மேலேயே இருந்தது. கெல்லிர் தன் மூச்சை எண்ணிக்கொண்டே காத்திருந்தான். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. அண்ணன் ஒரு தடவைகூட இமைக்கவில்லை.

*

ரூஸ் வீட்டில் ஒருவன் வெளிக்குப் போனாலும் தனியாகப் போவதில்லை. வாளோடு மூன்று பேர் கூடப் போய்ச் சுற்றி நிற்பார்கள். ஒருத்தனை ஒருத்தன் நம்பாத கூட்டம். குத்தவைத்திருப்பவனின் கழுத்து, அதைப் பார்க்கிறவனுக்கு ரொம்ப வசதி. அதனால் மூன்று பேர். ஒருவன் கெட்ட எண்ணம் கொண்டாலும் மற்ற இருவர் இருப்பார்கள்.

அன்று சாயங்காலம் கெல்லிருக்கு வயிற்றைக் கலக்கியது. தோக்கி எழுந்தான், ஒன்பதாவது ஆளான கிழட்டுச் சுக்கான்காரன் எழுந்தான். மூன்றாவதாக வேமுந்து எழுந்தான்.

நாணல் புதருக்குள் கெல்லிர் குந்தினான். சேற்றின் வாடை, அழுகிய மீன் குடல் வாடை, கொசுவின் ரீங்காரம். இந்தப் பக்கம் தோக்கியின் முதுகு தெரிந்தது, அந்தப் பக்கம் கிழவனின் முதுகு. பின்னால் நிற்பது யாரென்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அங்கே மட்டும் கொசுச் சத்தம் இல்லை.

"சீக்கிரம்டா. வாளு துருப்பிடிக்குது" என்றான் தோக்கி. கிழவன் கெக்கெக்கென்று சிரித்தான். இரண்டு பேரும் ஏதோ ஒரு பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

"தம்பி."

காலிக் குடத்துக்குள் வாயை வைத்துப் பேசினால் வருகிற குரல். காதுக்கு ரொம்பக் கிட்டே.

"வெங்காயத்தக் கீழ போட்டுட்டுப் போயிட்டியே."

தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. உள்ளங்கையில் வெங்காயம். மேல்தோல் பிய்ந்து, ஒரு பக்கம் அவன் நகம் பதிந்த அதே வெங்காயம். கெல்லிர் வாங்கி மேலங்கிக்குள் போட்டுக்கொண்டான். வாங்காமல் இருக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

"அண்ணே. அன்னைக்கு நீ உசுரோட இருந்தியா?"

ஆறு கரையை நக்குகிற சத்தம்.

"உன்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றது குரல். "நீ ஓடினத பாத்தேன். யாருகிட்டயாச்சும் சொல்லுவேன்னு பாத்தேன்."

"என்ன பண்ணட்டும் இப்ப?"

"ஒண்ணும் பண்ண வேணாம். நீதான் ஒண்ணும் பண்ணமாட்டியே."

கெல்லிர் இடுப்புத் துணியைச் சரியாகக் கட்டாமலே எழுந்தான். திரும்பிப் பார்த்தபோது வேமுந்து மூன்று எட்டுத் தள்ளி, வழக்கப்படி முதுகைக் காட்டிக்கொண்டு, வாளை ஊன்றி நின்றிருந்தான்.

*

மீன் உலர்த்துகிற கழிக்குப் பக்கத்தில் நேஷ்கா அவனைத் தாண்டிப் போனாள். போகிற போக்கில், தலையைத் திருப்பாமல் பேசினாள். அடிமை முதலில் பேசினால் அடி விழும். அது தெரிந்தும் பேசினாள்.

"ஐயா, நாளைக்கு அந்தத் தண்ணியில மூஞ்சி வைக்காதீங்க. அவரு குனிஞ்சு கைய விடுறாரு, தண்ணி அசைய மாட்டேங்குது. தூக்கிக்கிட்டு நிக்கிறவ நான். எனக்குத் தெரியும்."

"உளறாத."

"உங்களுக்கு ஏதோ தெரியும். தலைவருகிட்ட சொல்லிருங்க. பொழுது இருக்கறப்பவே எரிச்சுரட்டும்."

கெல்லிர் அன்று இரவெல்லாம் பலகையில் புரண்டான். ஒரு கை நீளத்தில் அண்ணன் படுத்திருந்தான், மூச்சுச் சத்தம் இல்லாமல். இது அண்ணன் இல்லையென்றால், உண்மையான அண்ணன் இன்னும் கூடாரத்தில்தான் கிடக்க வேண்டும். சொல்லிவிடலாம். சொன்னால் கூடாரத்தைத் திறந்து பார்ப்பார்கள், அல்லது பார்க்காமலே கொளுத்துவார்கள். எதுவானாலும் அவனை வெளியே தள்ளிவிடுவார்கள். படகு கிளம்ப நாலு நாள் இருந்தது. ஊர் போய்ச் சேர்ந்துவிட்டால் அம்மா இருக்கிறாள், நிலம் இருக்கிறது, வேறு வேறு வீட்டில் இருந்துகொள்ளலாம்.

நாலு நாள்தானே.

காலையில் தொட்டி வந்தது. ஹால்வரிடம் தெளிவாகப் போய், அடுத்தடுத்த ஆளிடம் கலங்கி, ஐந்தாவது ஆளிடம் கூழாகி, வேமுந்திடம் போனது. அவன் குனிந்தான். நிமிர்ந்தான். கெல்லிர் எதிரே தொட்டி வந்து நின்றது.

உளித்தழும்பு தெரிந்தது.

விரல் நுனியை நனைக்கப் போனான். இந்த முறை ஹால்வர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்தும் இப்படித்தான் செஞ்ச" என்றான் ஹால்வர். கத்தவில்லை. "கூடப்பொறந்தவன் கழுவின தண்ணி உனக்கு ஆகலையா? தொட்டியத் தள்ளுறவன் மனசுல என்னமோ வச்சிருக்கான்னு அர்த்தம். வச்சிருக்கறவன் என் வீட்டுல படுக்கக்கூடாது. கழுவு. இல்லன்னா என்னன்னு சொல்லு."

கழுவு. இல்லையென்றால் சொல்.

கெல்லிர் குனிந்து முகத்தைத் தண்ணீருக்குள் விட்டான்.

குளிர்ச்சி இல்லை. சூடும் இல்லை. தண்ணீர் முகத்தில் படுகிற உணர்ச்சியே இல்லை. காற்றுக்குள் குனிந்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து தாடியைத் தடவினான்.

காய்ந்திருந்தது.

*

மத்தியானத்துக்குள் காய்ச்சல். பல் அடித்துக்கொண்டது. தோல் மூட்டையைத் தூக்கப் போனவன் அதன் மேலேயே விழுந்தான். யாரும் தூக்க வரவில்லை. காலடிகள் பின்வாங்குகிற சத்தம் கேட்டது.

புதுக் கூடாரம் எதற்கு, அங்கே ஒன்று நிற்கிறதே என்றான் ஹால்வர். பாய்த்துணி அவனுக்குப் படகுக்கு வேண்டியிருந்தது. இரண்டு துடுப்புகளைக் கக்கத்தில் கொடுத்து, தொடாமல், கெல்லிரைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனார்கள். மேலங்கியின் இடது தோளில் அவனே தைத்த நீலப் பாய்த்துணி ஒட்டு இழுபட்டுக் கிழிந்தது.

அலரி மரங்கள் தெரிந்ததும் அவன் கத்தினான்.

எல்லாவற்றையும் கத்தினான். மூன்றாம் நாள் வந்தேன், பார்த்தேன், அண்ணன் செத்துக் கிடந்தான், ஈ நடந்தது, நான்தான் சொல்லவில்லை, உள்ளே கிடக்கிறான், இப்பவும் கிடக்கிறான், போய்ப் பாருங்கள், எரித்துவிடுங்கள். தொண்டை கிழியச் சொன்னான்.

துடுப்புகள் நின்றன.

தோக்கி பக்கத்தில் நின்ற வேமுந்தைப் பார்த்தான். கெல்லிரைப் பார்த்தான். "காச்ச தலைக்கு ஏறிடுச்சு, பாவம்" என்றான். அவன் குரலில் முதல் தடவையாகக் கிண்டல் இல்லை.

ஹால்வர் யோசித்தான். கூடாரத்தைப் பார்த்தான். உள்ளே பார்த்தவன் உள்ளே போக வேண்டும். யார் போய்ப் பார்ப்பது?

"நான் பாக்குறேன்" என்றான் வேமுந்து. "நான் கெடந்த எடம்தானே. என்னை இனிமே என்ன பண்ணும்?"

எல்லாருக்கும் அது சரியென்று பட்டது. வேமுந்து நடந்து போனான். வாய்த்துணியைத் தூக்கி உள்ளே குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"யாருமில்ல" என்றான்.

மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேமுந்துதான் தம்பியை உள்ளே இழுத்துப் போட்டான். போடும்போது கெல்லிரின் கன்னம் எதிலோ உரசியது. வாசலில் கிடந்த ஒரு வெங்காயம். மேல்தோல் பிய்ந்து, நகம் பதிந்தது. மேலங்கிக்குள் கையை விட்டான். அங்கேயும் இருந்தது, அதே வெங்காயம்.

துணி விழுந்தது. காலடிகள் போயின.

உள்ளே இருட்டு பழகியது. ரொட்டி. சாய்ந்த குடம். பக்கத்தில், ஒரு கை நீளத்தில், வீட்டுப் பலகையில் படுப்பது போலவே, அண்ணன்.

வாய் பிளந்திருந்தது. கண் திறந்திருந்தது. வாடை இல்லை. கெல்லிர் அந்தக் கண்ணைப் பார்த்தான். இமை அசையவில்லை. ஆனால் நடுவில் இருந்த கருவிழி மெல்ல, தண்ணீருக்கு அடியில் கல் உருள்வது போல, உருண்டு அவனிடம் வந்து நின்றது.

அண்ணன் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ காய்ச்சல் விட்டது. கூடவே மற்றதெல்லாமும் விட்டுப்போனது. கை இல்லை. கால் இல்லை. நாக்கு இல்லை. தலை வாசல் பக்கம் சாய்ந்திருந்தது. துணி விலகியிருந்தது. வெளிச்சம். கண்ணை மூடப் பார்த்தான்.

மூடவில்லை.

அவனுக்கும் வாசலுக்கும் நடுவில் யாரோ எழுந்தார்கள். முதுகுதான் தெரிந்தது. மேலங்கி. இடது தோளில் நீல ஒட்டு, பாதி கிழிந்தது. அந்த முதுகு குனிந்து, துணியை விலக்கி, வெயிலுக்குள் போனது. அலரி மரங்களைத் தாண்டியது. வீட்டைப் பார்த்து நடந்தது.

தூரத்தில் சிரிப்பு. முதுகில் தட்டுகிற சத்தம். நேரத்துக்கு வந்தான், கிளம்புற நேரத்துக்குச் சரியா வந்தான் என்று ஹால்வரின் குரல்.

தொட்டி சுற்றி வந்தது. வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், ஒன்பது பேரும். ஆறாவது ஆள் குனிந்தான். ஏழாவது ஆள் குனிந்தான். தொட்டியைத் தூக்கி நின்ற நேஷ்கா ஒரு கணம் அலரி மரங்களின் பக்கம் பார்த்தாள். அப்புறம் நடந்தாள். அவள் யாரிடம் சொல்ல முடியும்? தோக்கி ஏதோ வேடிக்கை சொல்லிக்கொண்டே முகத்தைத் தண்ணீருக்குள் விட்டான்.

படகுகளைத் தள்ளினார்கள். ஒன்பது பேர். துடுப்புகள் ஒரே தாளத்தில் விழுந்தன. நீல ஒட்டுப் போட்ட தோள் முன்னும் பின்னும் போய்க்கொண்டே சின்னதாகி, ஆறு வளைகிற இடத்தில் மறைந்தது. கூடாரத்தை எரிக்க யாரும் வரவில்லை. யாரும் சாகவில்லையே.

கரையில் எழுத்துக்காரர் மட்டும் நின்றிருந்தார். எதையோ எழுதி முடித்து மை காயட்டும் என்று ஊதினார். திரும்பியவர் கண்ணில் கூடாரம் பட்டது. அவருக்கு இந்தக் கூட்டத்தின் கட்டுப்பாடு கிடையாது. நடந்து வந்தார்.

வா. கெல்லிர் உள்ளுக்குள் கத்தினான். வா. பார். நெருப்பு வை.

காலடி. நாணல் நசுங்கும் சத்தம். நிழல் வாசலில் விழுந்தது. இரண்டு எட்டுத் தள்ளி நின்றார்.

பார்த்தார். மல்லாந்த முகத்தைப் பார்த்தார். சாய்ந்த முகத்தைப் பார்த்தார். அவர் உதடுகள் ஏதோ ஓதத் தொடங்கி நடுவில் நின்றன. ஆறு வளைகிற இடத்தைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார். கையிலிருந்த நாணல் பேனா கீழே விழுந்தது. வெங்காயத்துக்குப் பக்கத்தில்.

ஓடினார்.

கெல்லிர் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் யாரிடமாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் ஏறியது. இறங்கியது. ஒரு ஈ வந்தது. கன்னத்தில் உட்கார்ந்தது. கண்ணுக்கு ஏறியது. கருவிழியின் நடுவில் நின்று, அவனுக்குத் தெரிகிற உலகத்தின் நடுவில் நின்று, மெதுவாகக் கால்களைத் தேய்த்துக்கொண்டது.